ஸ்கேனிமேட் பித்து

நிதானமான கட்டுரை படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஸ்கேனிமேட் என்று யாராவது வாயெடுத்தாலே எனக்கு நிதானம் போய்விடும். 1970களின் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களை யூடியூபில் தேடிப் பாருங்கள். ஒரு கம்பெனியின் பெயர் திரையின் மூலையில் புள்ளியாகக் கிளம்பும். நெளியும், இழுபடும், பின்னால் ஆரஞ்சு நிறத்தில் நீளமான வாலை விட்டுக்கொண்டே சுழன்று வரும். நடுவில் வந்ததும் கச்சிதமாக நிமிர்ந்து நிற்கும். ஓரமெல்லாம் ஒரு பிசுபிசுத்த ஒளி. மொத்தம் ஐந்து விநாடி இருக்கும். இந்த ஐந்து விநாடியை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று என் வீட்டில் கேட்டுவிடாதீர்கள், பழைய சண்டை கிளம்பும்.

‘கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்தானே?’ என்பார்கள். கம்ப்யூட்டர்தான், அதன் பெயர்தான் ஸ்கேனிமேட். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒன்று, பூஜ்ஜியம் தெரியாது. படத்தை நினைவில் வைத்துக்கொள்ள இடம் கிடையாது. பிக்சல் கிடையாது. உள்ளே ஓடுவதெல்லாம் ஏறி இறங்கும் வோல்டேஜ். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த மாதிரி நூற்றுக்கணக்கான துளைகள், அவற்றில் செருகிய ஒயர்கள், வரிசை வரிசையாகத் திருகு குமிழ்கள். அலமாரி உயரத்துக்கு நிற்கும் அந்தச் சாதனத்தை ஒருவர் திருகத் திருக, படம் அந்தக் கணத்திலேயே திரையில் ஆடும். ரெண்டர் ஆகட்டும் என்று டீ குடிக்கப் போக வேண்டியதில்லை. வாத்தியம் வாசிப்பதும் அதுவும் ஒன்றுதான்.

செய்தவர் லீ ஹாரிசன். கொலராடோ மாநிலம் டென்வரில் கம்ப்யூட்டர் இமேஜ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தை நடத்தினார். அதற்கு முன்பே, 1960களின் தொடக்கத்தில், அனிமேக் என்று ஒன்றைக் கட்டியிருந்தார். அதைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நடனப் பெண்ணின் மூட்டுகளில் எல்லாம் மின்தடைக் குமிழ்களைக் கட்டிவிட்டார்கள். அவர் கையை மடக்கினால் குமிழ் திரும்பும், வோல்டேஜ் மாறும், திரையில் கோட்டால் வரைந்த ஓர் உருவமும் அதே கணத்தில் கையை மடக்கும். முதலில் எலும்புக்கு ஒரு கோடு, பிறகு அந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்து சதைக்கு ஒரு சுருள். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிற மோஷன் கேப்சரின் பூட்டன் அது. உருவத்தை விட்டு எழுத்துகளையும் ஓவியங்களையும் ஆட்டுவிக்க வந்த அடுத்த தலைமுறைதான் ஸ்கேனிமேட். 1960களின் இறுதியில் உருவானது. உலகத்துக்கே மொத்தம் எட்டு செய்தார்கள், அவ்வளவுதான். நியூயார்க்கில் டால்ஃபின் புரொடக்‌ஷன்ஸும் ஹாலிவுட்டில் இமேஜ் வெஸ்ட்டும் அதை வைத்துத்தான் பிழைத்தன. 1972இல் ஹாரிசனுக்கு எம்மி விருது கொடுத்தார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாவிட்டால் என் பித்து உங்களுக்குத் தொற்றாது. பிக்சர் டியூப் டிவியில் படம் எப்படி வருகிறது? குழாயின் பின்பக்கத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து வந்து கண்ணாடியின் உள்ளே பூசிய பாஸ்பரில் மோதுகிறது. மோதின இடம் ஒளிர்கிறது. தட்டச்சு இயந்திரத்தைப் போல அது இடமிருந்து வலமாக ஒரு வரி அடித்து, சட்டென்று திரும்பி, அடுத்த வரிக்கு இறங்குகிறது. நம் ஊர் முறையில் 625 வரிகள், அமெரிக்காவில் 525. கற்றையை இப்படி நகர்த்துவது குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்கள். சாதாரண டிவியில் அந்தச் சுருள்களுக்குப் போகும் மின்சாரம் ஒரே ஒழுங்கில் ஏறி இறங்கும். ஸ்கேனிமேட் கைவைத்தது அந்த ஒழுங்கில்.

எழுத்தைக் கறுப்பு ஃபிலிமில் கண்ணாடியாகத் தெரியும்படி எடுத்து, பின்னால் விளக்குப் போட்டு, ஒரு கேமராவால் பிடிப்பார்கள். அது ஒரு தனி ரக, மிக நுணுக்கமான கறுப்பு-வெள்ளைக் குழாயில் தெரியும். அந்தக் குழாயின் சுருள்களுக்கு மின்சாரம் நேராகப் போகாது, அனலாக் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். குறுக்குச் சுருளில் ஒரு சைன் அலையைச் சேர்த்தால் எழுத்து நெளியும். அலையின் வேகத்தைக் கூட்டினால் நெளிவு பொடிப்பொடியாகும். மொத்த மின்சாரத்தையும் குறைத்துக்கொண்டே போனால் எழுத்து சுருங்கிப் புள்ளியாகும். ஆரம்ப நிலைக்கு ஒரு தொகுதிக் குமிழ்கள், முடிவு நிலைக்கு இன்னொரு தொகுதி. நடுவில் ஓட எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், நெளிந்து கிடந்த எழுத்து நிமிர்ந்து வந்து நிற்கும்.

இத்தனையும் கறுப்பு-வெள்ளையில் நடக்கிறது. அந்தக் குழாயை இரண்டாவது கேமரா ஒன்று படம் பிடிக்கும். அதன் சிக்னலைச் சாம்பல் நிறத்தின் அடர்த்திப்படி ஐந்து படிகளாகப் பிரித்து, படிக்கு ஒரு வண்ணம் கொடுப்பார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிவது இங்கேதான். எழுத்தை நசுக்கினால் வரிகள் நெருங்கிப் பிரகாசம் கூடுகிறது, விரித்தால் மங்குகிறது. அப்படியானால் வடிவம் மாறும்போது வண்ணமும் தானாக இடம் மாறும். இந்த ஓரம் சிவக்கட்டும், அந்த வளைவு மஞ்சளாகட்டும் என்று யாரும் உட்கார்ந்து தீட்டவில்லை. மின்சாரமே தீட்டிக்கொள்கிறது. அந்தப் பிசுபிசுத்த ஒளியும் யாரும் சேர்த்த அலங்காரம் கிடையாது. கண்ணாடிக்குள் பாஸ்பர் நிஜமாகவே ஒளிர்ந்தது, அதைக் கேமரா நிஜமாகவே பார்த்தது.

பார்க்க வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது. 1971இல் தொடங்கிய ‘தி எலெக்ட்ரிக் கம்பெனி’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் எழுத்துகள் துள்ளுவதைப் பாருங்கள். எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ‘லெட்ஸ் க்ரூவ்’ பாடலின் 1981 வீடியோவைக் கட்டாயம் பாருங்கள், ரான் ஹேஸ் செய்தது. பாடுகிறவர்களும் ஆடுகிறவர்களும் வண்ண வண்ணமாகத் தங்கள் வடிவத்தையே பின்னால் விட்டுக்கொண்டு போவார்கள். ஜாக்சன் சகோதரர்களின் 1978 வீடியோ ‘பிளேம் இட் ஆன் தி பூகி’யிலும் இமேஜ் வெஸ்ட்டின் கைவண்ணம் உண்டு. ஒரு சின்னப் புலம்பல்: 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யின் ஒளிச் சுரங்கத்தையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது ஃபிலிமில், ஒரு சின்னப் பிளவு வழியாக ஒளியை விட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பொறுமையாக எடுத்தது. பிரமாதம்தான், ஆனால் வேறு ஜாதி. ஸ்கேனிமேட்டுக்குப் பொறுமையே கிடையாது.

பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா? என்னால் முடியவில்லை. ஏ.வி. சாக்கெட் உள்ள 14 அங்குல கறுப்பு-வெள்ளை டிவி ஒன்றைக் காயலாங்கடையில் பிடித்தேன். கூட ஒரு பழைய ஹாண்டிகேம். கேமராவை டிவியில் சொருகி, கேமராவை அந்த டிவியை நோக்கியே திருப்பினால் என்ன ஆகும்? டிவி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். டிவிக்குள் டிவி, அதற்குள் டிவி. கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் அந்த வரிசை முறுக்கிக்கொண்டு சுழலாகிறது. ஜூமை ஒரு நூல் கூட்டினால் நடுவிலிருந்து வட்டங்கள் கிளம்பி வெளியே ஓடுகின்றன. வெளிச்சக் குமிழை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தினால் எல்லாம் அணைந்து கறுப்பாகிவிடும். அப்போது தீக்குச்சி ஒன்றைக் கிழித்துக் குறுக்கே காட்டுங்கள். அணைந்த பிறகும் அந்த ஒளி டிவிக்கும் கேமராவுக்கும் இடையே சுற்றிச் சுற்றி வந்து, விரிந்து, பிரிந்து, ஐந்தாறு நிமிடம் உயிரோடு இருக்கும். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கு 1963இல் பெர்னார்ட் லாட்ஜ் அமைத்த முதல் டைட்டில் காட்சி இந்த வித்தையில் பிறந்ததுதான். அறுபது வருடம் ஆகியும் அதற்கு வயசாகவில்லை.

அடுத்தது என் அத்தையின் சுருதிப் பெட்டி. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரையே தண்டம். கீபோர்டு ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒருவர் சின்ன போர்டு ஒன்றைப் பற்ற வைத்துக் கொடுத்தார். கேமராவிலிருந்து வரும் சிக்னலில், வரி எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் ‘சிங்க்’ இருக்கும் இடத்தைத் தொடாமல், படம் இருக்கும் இடத்தில் மட்டும் அது ஒலியைக் கலந்துவிடும். டிவி ஒரு விநாடிக்கு 50 முறை மேலிருந்து கீழே வருகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தால் திரையில் ஒரே ஒரு கிடைப்பட்டை அசையாமல் நிற்கும். 100 கொடுத்தால் இரண்டு. 50இன் மடங்காக இல்லாவிட்டால் பட்டைகள் ஓடும். அத்தை பாடுவது ஐந்து கட்டை. அதாவது ஆதார சட்ஜமம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். பெட்டியின் சா-பா-சாவைச் சொருகினதும் திரையில் பட்டைகள் நகர ஆரம்பித்தன, நிற்கவில்லை.

“கொஞ்சம் ஏத்துங்க அத்தை, நுணுக்கமா.”

“இதுக்கு மேல ஏத்தினா நான் எப்படிடா பாடறது?”

“நீங்க பாட வேண்டாம். டிவி பாடட்டும்.”

நுண்சுருதிக் குமிழை அவர் மெல்லத் திருப்ப, ஓட்டம் தளர்ந்துகொண்டே வந்து, 200 ஹெர்ட்ஸில் பட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. நின்றது சட்ஜமத்தின் நான்கு மட்டும் இல்லை. பஞ்சமம் சட்ஜமத்துக்கு ஒன்றரை மடங்கு, 300 ஹெர்ட்ஸ், அதனால் அதற்கு ஆறு பட்டை. மேல் சட்ஜமம் 400, எட்டுப் பட்டை. மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, கறுப்பும் வெளுப்பும் இடைச் சாம்பலுமாக ஒரே கோலம் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, அசையாமல் நின்றது. பஞ்சமம் கொஞ்சம் பிசகியிருந்தால் அந்த ஆறு மட்டும் தனியே ஊர்ந்திருக்கும். அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். “சுருதி சேந்தது கண்ணுக்கே தெரியறதே!” என்றார். பிறகு குமிழை வேண்டுமென்றே கலைத்து, கண்ணால் பார்த்தே திரும்பச் சேர்த்தார். மறுபடி கலைத்தார். எனக்கு முறை வரவே இல்லை.

நேர்ப்பட்டை வேண்டுமென்றால் ஒலியின் எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். நம் முறையில் ஒரு விநாடிக்கு 15,625 வரிகள். அதன் மடங்குகளில் ஓடும் ஆசிலேட்டரைக் கொடுத்தால் தூண்கள் நிற்கும், கொஞ்சம் பிசகினால் சாயும். இந்தத் தூண்களையும் முந்தின கிடைப்பட்டைகளையும் பெருக்கினால் கட்டம். கேமரா, நடிகர், காட்சி எதுவும் இல்லாமல் மின்சாரத்திலிருந்து நேரடியாகப் பிறக்கும் படம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீஃபன் பெக் 1970 வாக்கில் கட்டிய வீடியோ சின்தசைசருக்கு ‘டைரக்ட்’ என்று பெயர் வைத்தது இதனால்தான். அவருடைய ‘வீடியோ வீவிங்ஸ்’ பார்த்தால் நெசவு தெரிந்தவர்கள் என்னைவிட அதிகம் துள்ளுவார்கள்.

அந்தக் காலத்து ஆட்களும் அவரவர் கைச்சரக்கும் என்று எழுத ஆரம்பித்தால் பத்திரிகை தாங்காது. கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1965இலேயே டிவியின் மேல் பெரிய காந்தத்தை வைத்துப் படத்தை வளைத்துக் காட்டிவிட்டார். பிறகு ஜப்பானியப் பொறியாளர் ஷூயா ஆபேவோடு சேர்ந்து கட்டிய சின்தசைசரை 1970இல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஹெச் தொலைக்காட்சி நிலையத்தில் நான்கு மணி நேரம் நேரலையில் ஓட்டினார். பின்னணியில் பீட்டில்ஸ் பாடல்கள். நான்கு மணி நேரம்! அந்த நிலையத்தில் சரி என்று தலையாட்டியவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சிகாகோவில் டான் சாண்டின் 1970களின் தொடக்கத்தில் ‘இமேஜ் பிராசஸர்’ ஒன்றைக் கட்டினார். சர்க்யூட் வரைபடத்தைப் பூட்டி வைத்துக் காசு பார்த்திருக்கலாம். அவரோ ஃபில் மார்ட்டன் என்ற கலைஞரோடு சேர்ந்து, இந்தாருங்கள், நீங்களும் கட்டிக்கொள்ளுங்கள் என்று முழு வரைபடத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஓப்பன் சோர்ஸ் என்ற பேச்சே கிளம்பாத காலம். எனக்கு இந்த மனிதர்மேல் தனி மரியாதை.

ஆனால் மனசுக்கு மிக நெருக்கமானவர்கள் வூடி வசுல்காவும் ஸ்டெய்னாவும். வூடி செக், அவர் மனைவி ஸ்டெய்னா ஐஸ்லாந்துக்காரர், முறையாக வயலின் பயின்றவர். 1971இல் நியூயார்க்கில் ‘தி கிச்சன்’ என்ற அரங்கைத் தொடங்கியவர்கள். ஸ்டீவ் ரட், பில் எட்ரா இருவரும் செய்த ரட்-எட்ரா ஸ்கேன் பிராசஸர் இவர்கள் கையில் கிடைத்தது. அதில், படத்தில் எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே வரி மேலே எழும்பும். தட்டைப் படம் மலையும் பள்ளத்தாக்குமாகிவிடும். வூடியின் ‘சி-ட்ரெண்ட்’ 1974இல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரு, கார்கள் போகின்றன, சத்தம் கேட்கிறது. அந்தத் தெருவின் படம் மட்டும் மெல்லக் கழன்று, வெறும் வரிகளின் கற்றையாக வெளியில் மிதக்கிறது. ஸ்டெய்னாவின் ‘வயலின் பவர்’ படத்தில் அவர் வில்லை இழுக்க, அந்த நாதமே அவருடைய உருவத்தைத் தள்ளி வளைக்கிறது. அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது முறையும் கேட்டார்.

ரட்-எட்ராவைப் போலச் செய்யும் மென்பொருள்கள் இப்போது உண்டு. ‘ஞ’ ஒன்றைக் கறுப்பில் வெள்ளையாக எழுதி அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். அந்தச் சுழிகளும் வளைவுகளும் வரிகளாக எழும்பி நின்ற அழகில், ஸ்கேனிமேட் காலத்தில் யாராவது ஒரு தமிழ் டைட்டில் செய்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாகிவிட்டது. நேர்கோடு நிறைந்த ஆங்கில எழுத்தைவிட நம் எழுத்துக்கு அல்லவா இந்த நெளிவு பொருந்துகிறது!

இந்த நாட்களில் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் படத்தின்மேல் வரிகள் ஓடும், வண்ணம் கொஞ்சம் பிசகும், மூலையில் ‘பிளே’ என்று வரும். ரெட்ரோவாம்! எனக்கு இது அறவே பிடிக்காது. பழைய காலத்துப் பழுதை மேலே பூசிவிட்டால் பழைய காலத்துப் படமாகிவிடாது. வரிகள் அந்தக் காலப் படத்தின்மேல் விழுந்த தூசி இல்லை, படம் நின்றதே வரிகளில்தான். அவற்றை வளைத்துத்தான் இவர்கள் இத்தனையும் செய்தார்கள். நிஜமாக ஆசை இருக்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. எல்இசட்எக்ஸ் என்ற நிறுவனம் அசல் அனலாக் வீடியோ சின்தசைசர் மாடியூல்களைச் செய்து விற்கிறது. விலையைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். நான் ஏக்கத்தோடு படம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அன்று செய்ததெல்லாம் உன்னதம் என்று சொல்லமாட்டேன். ஸ்கேனிமேட்டின் பெரும்பாலான உழைப்பு வங்கி விளம்பரங்களுக்கும் கார் விளம்பரங்களுக்கும் போனது. கலைக்கூடங்களில் பத்திரப்படுத்திய வீடியோக்களில் சில, என்னாலேயே பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாதவை. 1980களின் தொடக்கத்தில் டிஜிட்டல் எஃபெக்ட் பெட்டிகள் வந்ததும் ஸ்கேனிமேட்டின் கதை முடிந்தது. டிஜிட்டல் பெட்டியில் நேற்றுச் செய்ததை இன்றும் அச்சு மாறாமல் செய்யலாம். ஸ்கேனிமேட்டில் அது நடக்காது. அதே ஒயர், அதே குமிழ் என்றாலும் சூடு கொஞ்சம் மாறினால் படம் மாறும். வியாபாரத்துக்கு அது உதவாது. இமேஜ் வெஸ்ட்டில் தலைமைப் பொறியாளராக இருந்த டேவ் சீக் மட்டும் மனசு கேட்காமல் ஒரு ஸ்கேனிமேட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய், பழுது பார்த்து, பல வருடம் ஓடும் நிலையில் காப்பாற்றினார். அது உயிர் பெற்றுப் படத்தை ஆட்டும் வீடியோக்கள் இணையத்தில் இருக்கின்றன. அவசியம் பாருங்கள். அதுவும் முடிந்தால் பிக்சர் டியூப் டிவியில் பாருங்கள். எல்இடி திரையில் அந்த ஒளி பாதிதான் வருகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பிக்சர் டியூப் டிவி இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். புதிதாக இனி யாரும் செய்யப்போவதில்லை. ஒரு கேமராவைச் சொருகி அதன் முன்னால் நிறுத்துங்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். காந்தம் வைத்துப் பார்க்க ஆசை வந்தால் கறுப்பு-வெள்ளைப் பெட்டியில் மட்டும் வையுங்கள், கலர் டிவியில் வைத்தால் கறை படிந்துவிடும். பின்மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் குழாயில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். இதெல்லாம் வேண்டாம், இடத்தை அடைக்கிறது, தூக்கவும் முடியவில்லை என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். ஆட்டோ பிடித்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.